இஸ்ஸு கேக்குதா?

1

ஒரே இசைத்தட்டின் நான்காவது காப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் டெரக்கின் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. மனுசன் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு ஆறியிருப்பேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு பழைய பஞ்சாலை ஊர். வந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. என் மனைவி ஜெயா நர்ஸ். வேலை கிடைத்தது அவளுக்கு, ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். விசாவில் என்னைச் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருந்தார்கள். ராஜபாளையத்தில் இதைச் சொன்னபோது, "அப்ப நீ வீட்டோட மாப்பிள்ளயா, நாட்டோட மாப்பிள்ளயாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு பார்சல் கிடங்கில் விடியற்காலை ஷிப்ட் பார்க்கிறேன். ஒரு மணிக்கு வீடு. குளித்துச் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு ஒரு டீயும் ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கமும். மறுபக்கம் மறுநாளைக்கு. இருபது வருடமாக இதுதான் என் பூஜை.

கேட்பது ஜாஸ். நாலைந்து பேர் ஒரு மெட்டைப் பேசி வைத்துக்கொண்டு தொடங்குவார்கள், பிறகு ஆளுக்கு ஆள் அவனவன் போக்கில் கிளம்பிப் போவான், கடைசியில் எல்லாரும் அதே மெட்டுக்கு வந்து சேர்வார்கள். ஊரை விட்டுக் கிளம்பியவன் சொன்னபடி திரும்பி வருகிற ஒரே சங்கதி இந்த இசைதான் என்று எனக்கு ஒரு எண்ணம். பின்னறையில் அறுநூறு தட்டுகள் சேர்ந்திருக்கின்றன. பழைய சாமான் கடைகளிலும் சர்ச் விற்பனைகளிலும் மண்டி போட்டுத் தேடி எடுத்தவை. ஜெயா அந்த அறைக்கு 'தட்டுமுட்டு ரூம்' என்று பேர் வைத்திருக்கிறாள்.

டெரக்கிடம் நான் திருப்பிக் கொடுத்த தட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவனவன் தேடிப்போய் எனக்குப் போட்டியாக வாங்குவான். நான்கு பேர் வாசிக்கிறார்கள், அதில் ஒருவர் டிரம்ஸ். அந்த டிரம்ஸ்காரரின் வலது கை முதல் நொடியிலிருந்து கடைசி வரை சிம்பலை, அதாவது பக்கத்தில் கம்பிமேல் நிற்கும் மெல்லிய பித்தளைத் தகட்டை, குச்சி நுனியால் தட்டிக்கொண்டே இருக்கும். இஸ்ஸு, இஸ்ஸு, இஸ்ஸு என்று. எனக்கு அந்த இசைத்தட்டில் வேண்டியதெல்லாம் அந்த இஸ்ஸுதான். மற்ற மூன்று பேரும் வராவிட்டாலும் மன்னித்துவிடுவேன்.

மூன்று வருடமாக இஸ்ஸுவைக் காணோம். முதலில் ஊசி தேய்ந்துவிட்டது என்று ஊசியை மாற்றினேன். அப்புறம் ஆம்ப்ளிஃபயர் மேல் சந்தேகம். அதற்கும் அப்புறம் தட்டுதான் தேய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டி இரண்டாவது காப்பி வாங்கினேன். அதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நான்காவதை டெரக் தன் கடையிலேயே போட்டுக் காட்டினார். நான் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"இதில் சிம்பலே இல்லை" என்றேன்.

"எல்லாம் இருக்கிறதே" என்றார் டெரக்.

சொல்லிவிட்டு, தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த இன்னொரு ஆளைப் பார்த்தார். அந்த ஆள் குனிந்துகொண்டார். விற்ற சரக்கை எவன் மட்டம் என்று ஒத்துக்கொள்வான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மழையில் நடந்து வந்தேன்.

2

இஸ்ஸு என்பது என்னுடைய வார்த்தை இல்லை. என் அக்காவைக் கட்டிய மாடசாமி அத்தானுடையது.

அத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, சர்ச் கொடியேற்றம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அதற்கு முன்னால் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு ஷெட்டில் பத்து வருடம் விசைத்தறி ஓட்டியவர். அவர் இறங்கிய தறியில் நான் ஏறினேன், பதினெட்டு வயதில். மருந்துக் கடையில் வெள்ளையாகச் சுருட்டி வைத்திருப்பார்களே பேண்டேஜ் துணி, அதுதான் நெய்தோம். ஏழு வருடம் ஓட்டினேன். இன்றைக்கும் இங்கே தட்டைத் துடைக்க அந்தத் துணிதான் வைத்திருக்கிறேன். அதைப் போல நூல் உதிராத துணி வேறு கிடையாது.

தறிக்கு விடுமுறை நாள் வந்தால் காலையிலேயே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவேன். அத்தானுடைய சரக்கு இறங்கியிருக்கும் இடத்துக்கு நேராகப் போவேன். குழாய்களை மரத்தில் ஏற்றுவதற்கு முன்னால் தரையில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அதற்கென்று அவரிடம் ஒரு தட்டு இருந்தது. அட்டை கிடையாது, நடுவில் ஒட்டியிருந்த காகிதமும் பாதி உரிந்துபோனது. மதுரையில் பழைய ரிக்கார்டுகளைக் கட்டாக வாங்கியபோது ஊடே வந்தது. 'டெஸ்டிங் ரிக்கார்டு' என்றுதான் அதற்குப் பேர்.

"சினிமாப் பாட்டப் போட்டு டெஸ்ட் பண்ணுனா கூட்டம் கூடிரும் மாப்ள. அந்தப் பாட்டப் போடு, இந்தப் பாட்டப் போடும்பானுவ. இதப் போட்டா ஒரு நாய்கூட நிக்காது, நாம பாட்டுக்கு வேலயப் பாக்கலாம்" என்பார்.

அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை நூறு எட்டு தள்ளிப் போகச் சொல்வார். தட்டு சுழலும். "இஸ்ஸு கேக்குதா?" என்று அங்கிருந்து கத்துவார். குழாய்க்குள்ளே இருக்கும் யூனிட் கெட்டுப்போனால் முதலில் போவது இந்த மெல்லிசான சத்தம்தான். பேச்சு கேட்கும், நாதஸ்வரம் கேட்கும், இஸ்ஸு மட்டும் கேட்காது. கேட்காவிட்டால் நான் கையை விரிப்பேன். "யூனிட்டு போச்சு, கழட்டு" என்பார். கேட்டால் கையைத் தூக்குவேன். "அப்ப ஏத்து" என்பார். குழாய் கயிற்றில் மேலே போகும்.

எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலையில் புரட்டாசிச் சனிக்கிழமைக்குக் குழாய் கட்டுவது அவர்தான். வடக்கே இருக்கும் பெரிய ஊரை நினைத்துவிடாதீர்கள், இது மலைமேல் பெருமாள் இருக்கும் இடம். முந்தின நாள் மத்தியானமே போய்விடுவோம். அடிவாரத்தில் குழாய் குழாயாக அடுக்கி வைத்து, சாமி கும்பிட வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாமல், எங்கோ அமெரிக்காவில் ஒரு மனுசன் பித்தளையைத் தட்டிய சத்தம் அந்த வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும். நான் நூறு எட்டுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டுக் குழாய்க்கு எட்டுத் தடவை. எனக்கு ஜாஸ் வந்து சேர்ந்த வழி இவ்வளவுதான். அது ஜாஸ் என்று தெரியவே பத்து வருடம் ஆயிற்று. இங்கே வந்தபின் ஒருநாள் டெரக் கடை வாசலில் நடந்து போகும்போது உள்ளே அதே தட்டு ஓடியது. ஓடிப்போய் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அழுதுவிட்டேன். டெரக் டீ போட்டுக் கொடுத்தார்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரக் கல்யாணத்தில் இரண்டு குழாய் உறுமிக்கொண்டே இருந்து, பெண் வீட்டார் அத்தானிடம் சண்டைக்கே வந்துவிட்டார்களாம். "நீ இல்லாட்டா கையொடிஞ்ச மாதிரி இருக்கு மாப்ள" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தான் அந்தத் தட்டை என்னிடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் பிளைவுட் பலகை, சுற்றிப் பேண்டேஜ் துணி, அதன்மேல் சணல். "ஒனக்குத்தான் மாப்ள. இதோட அரும வேற எவனுக்குத் தெரியும்?" என்றார்.

விமான நிலையத்தில் அதைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

"இது என்ன?"

"ரிக்கார்டு."

"என்ன ரிக்கார்டு?"

"டெஸ்டிங் ரிக்கார்டு."

"மெடிக்கல் டெஸ்டா? பேண்டேஜெல்லாம் சுத்தியிருக்கு?"

"இல்ல சார், கொழாய டெஸ்ட் பண்றது."

அந்த அதிகாரி எந்தக் குழாயை நினைத்தாரோ, என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டார். இன்னொருவர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் விட்டார். இப்படி அரைமணி நேரம் அவமானப்பட்டு, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டேன். இஸ்ஸு இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்னிடம் இருந்த காப்பிகளில் போனது போகட்டும், அவை எவனெவனோ ஓட்டியவை. ஆனால் இது நான் கேட்ட அதே தட்டு. உடனே போன் போட்டேன்.

"என்ன அத்தான், கண்ட ஊசியப் போட்டுத் தேச்சுத் தொலச்சிட்டீங்க போல. இஸ்ஸே இல்ல. குடுத்தது எனக்கு வெறும் பிளேட்டுத்தான்."



"நான் தேச்சுட்டனா?" என்றார். அப்புறம் போன் அக்கா கைக்கு மாறிவிட்டது.

அன்றிலிருந்து அத்தான் என்னோடு பேசவில்லை. பதினோரு மாதம். நான் போன் செய்யும்போதெல்லாம் அவர் பின்பக்கம் போய்விடுவார். "என்னலே சொன்ன அவியகிட்ட? பச்சப்புள்ளயப் பொத்துன மாதிரில்லா பொத்தி வச்சிருந்தாவ. எம்புட்டுக் கூப்பிட்டாலும் போனுக்கு வர மாட்டேங்காவ" என்றாள் அக்கா. கோபம் தணியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் கோபம்தான். அவ்வளவு அருமை தெரிந்தவர் இப்படித் தேய்க்கலாமா?

4

என் மகள் நித்யா லீட்ஸில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு வருவாள். வந்தால் இரண்டு பேச்சு. ஒன்று, இந்த வீடு உங்கள் இருவருக்கும் பெரிசு, ஃப்ளாட்டுக்கு மாறுங்கள் என்பது. மற்றொன்று, அதற்கு முதலில் அப்பாவின் தட்டுகளைக் குறைக்க வேண்டும் என்பது. மற்ற நேரம் காதில் எதையாவது செருகிக்கொண்டு இருப்பாள். சின்னப் பிள்ளையில் வாய் ஓயாமல் பேசியவள். பத்து வயதுக்கு மேல் குறைந்துவிட்டது. ஒன்றைச் சொல்வாள், நான் "என்னம்மா?" என்பேன், மறுபடி சொல்வாள், நான் மறுபடி "என்ன?" என்பேன். மூன்றாம் தடவை "ஒண்ணுமில்லப்பா" என்று எழுந்துபோவாள். பிள்ளைக்கு இங்கிலீஷ் நாக்கு வந்துவிட்டது, தமிழை மென்று துப்புகிறாள் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் குறை சொல்லியிருக்கிறேன்.

டெரக்கிடம் தட்டைக் கொடுத்த மறுநாள் அவள் வந்திருந்தாள்.

"ஒரே ரெக்கார்ட் எதுக்குப்பா இத்தன காப்பி? இதையாவது வித்துடலாம்ல?"

"வித்தா எவன் வாங்குவான்? எல்லாம் தேஞ்சது. மாமா குடுத்தது உட்பட. கேளு, நீயே கேளு" என்று அத்தானின் தட்டை எடுத்துப் போட்டேன்.

அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். எனக்குப் பியானோ கேட்டது, பேஸ் என்கிற தடித்த குரல் தந்திவாத்தியம் கேட்டது. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய ஆள்காட்டி விரல் கோப்பையின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. பேஸின் நடைக்கு இல்லை. பியானோவுக்கும் இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வேறு ஒரு கணக்குக்கு.

"எதுக்குத் தட்டுறம்மா?"

"அந்த டிஸ், டிஸ்னு வருதுல்ல, அதுக்கு."

"எங்க வருது?"

"என்னப்பா கேள்வி இது? ஃபுல்லா அதுதான் இருக்கு."

நான் எழுந்து ஊசியைத் தூக்கினேன். விரல் நின்றது. வைத்தேன். விரல் தட்டியது. அவளுக்குக் காட்டாமல் முதுகால் மறைத்துக்கொண்டு மறுபடி தூக்கினேன், வைத்தேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, உங்களுக்குக் கேக்கலையா?"

ஜெயா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "நானும் அஞ்சாறு வருசமாத் தலபாடா அடிச்சுக்கிட்டேன், காத டெஸ்ட் பண்ணுங்க, டெஸ்ட் பண்ணுங்கன்னு. அதையும் இந்த மனுசன் கேக்கல" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அப்படி உட்காருகிறவள் இல்லை.

எனக்கு முதலில் காதைப் பற்றிக் கவலை வரவில்லை. "நான் தேச்சுட்டனா?" என்று அத்தான் கேட்டாரே, அதுதான் வந்து நின்றது.

5

காது பரிசோதனைக்குக் கடிதம் வந்தது. கடிதத்தோடு ஒரு படிவம். இந்த நாட்டில் தும்முவதற்குக்கூட ஒரு படிவம் உண்டு, எனக்கு நிரப்பி நிரப்பிப் பழகிவிட்டது. 'இரைச்சல் மிகுந்த இடத்தில் எப்போதாவது வேலை செய்திருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி. யோசிக்கவே இல்லை. 'இல்லை' என்று போட்டேன்.

பரிசோதித்த பெண் பெயர் ஹெலன், என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருக்கலாம். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதுகளை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் கேட்டது, அமுக்கினேன். போகப் போக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடியில் அவள் முழங்கை அசைவது தெரிந்தது. நம் ஊர்ப் புத்தி எங்கே போகும்? முழங்கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன். நாலாவது தடவை அவள் எழுந்து வந்து, என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

முடிந்ததும் ஒரு கோடு போட்ட தாளைக் காட்டினாள். கோடு பாதி தூரம் நேராக வந்து, பிறகு மொட்டைமாடியிலிருந்து விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. அந்த விழுந்த இடத்தில்தான் சிம்பல் இருக்கிறதாம்.

"சத்தமான இடத்தில் வேலை செய்ததே இல்லையா?"

"இல்லை."

"இங்கே வருவதற்கு முன்னால் என்ன வேலை?"

"துணி."

"துணிக்கடையா?"

"இல்லை. நெய்தேன். விசைத்தறி."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஷெட்டில் எத்தனை தறி?"

"முப்பத்தாறு."

"அதை நீங்கள் சத்தம் என்று சொல்ல மாட்டீர்களா?"

எங்கள் பக்கத்தில் தறி ஓடுவதைச் சத்தம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தறி நின்றால்தான் வீட்டை விட்டு வெளியே வந்து, "என்ன, கரண்டு போச்சா?" என்று கேட்பார்கள். தொட்டில் பிள்ளை தறி ஓடினால் தூங்கும், நின்றால் விழித்து அழும். சத்தம் என்றால் அது சண்டை, அல்லது அத்தானுடைய குழாய். படிவம் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

"என் அப்பாவின் அத்தைகள் இரண்டு பேரும் இந்த ஊரில் தறிக்காரிகள்" என்றாள் ஹெலன். "தெருவில் நடக்கும்போதுகூட வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். நீங்களும் நான் பேசும்போது என் கண்ணைப் பார்க்கவே இல்லை. உதட்டையே பார்க்கிறீர்கள்."

ஷெட்டில் நாங்களும் அப்படித்தான் பேசுவோம். குரல் எடுபடாது, உதடுதான். ஆனால் இங்கே நான் உதட்டைப் பார்ப்பதற்கு வேறு காரணம் வைத்திருந்தேன். என் இங்கிலீஷ் மட்டம், அதனால்தான் உற்றுப் பார்த்தால் புரிகிறது என்று இருபத்துமூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். கவுன்சில் ஆபீஸ் கவுண்டரில் மூன்று முறை கேட்டுவிட்டுத் தலைகுனிந்தது, நித்யாவின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது ஒன்றும் புரியாமல் சிரித்துவைத்தது, அடுத்த வருடத்திலிருந்து "அம்மா மட்டும் வந்தா போதும்" என்று பிள்ளை சொன்னது, எல்லாம் என் பாஷைக் குறை என்று விழுங்கியிருக்கிறேன். ராத்திரிப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் இலக்கணம்கூடப் படித்தேன். இலக்கணத்தில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

ஹெலன் படிவத்தில் என்னுடைய 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினாள். காது மெஷின் வர இன்னும் சில வாரம் ஆகும். பேச்சுக்கு உதவும், இசை மட்டும் அதில் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கலாம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். திரும்பும் வழியில் டெரக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அந்த நான்காவது காப்பியை மறுபடி வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் இந்த முறையும் டீ போட்டுக் கொடுத்தார்.

6

அத்தானுக்குப் போன் செய்ய எனக்கு மூன்று வாரம் துணிச்சல் வரவில்லை. நித்யா அடுத்த முறை வந்தபோதுதான், "நீங்க பண்றீங்களா, நான் பண்ணவா?" என்று வீடியோவில் கூப்பிட்டு என் கையில் கொடுத்தாள். இங்கே ஞாயிறு காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம்.

அக்கா எடுத்தாள். "அவிய பின்னாலதான் இருக்காவ. கூப்பிட்டாலும் வர மாட்டாவ."

"காது விசயம்னு சொல்லுக்கா."

"யாரு காது?"

"என் காது."

அத்தான் உடனே வந்துவிட்டார். பனியனும் துண்டுமாக, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. பதினோரு மாதத்தில் நன்றாக மெலிந்திருந்தார்.

"காதுக்கு என்ன மாப்ள?"

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "ரிக்கார்டுல ஒரு குத்தமும் இல்ல அத்தான். என் யூனிட்டுதான் போச்சு. டாக்டர் சொல்லியாச்சு. தெரியாம ஒங்களப் போய் அப்பிடிப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

அவர் போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து என் வாயையே பார்த்தார். "செத்த மெதுவாச் சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன்.

"அப்ப நான் தேய்க்கலயா?"

"இல்ல அத்தான்."

"நெசமாவா?"

"சத்தியமா."

துண்டால் முகத்தைத் துடைத்தார். "எந்தக் கல்யாணத்துல தேச்சேன், எந்த ஊசியில தேச்சேன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன் மாப்ள. ஒண்ணும் பிடிபட மாட்டேங்கு. ஆசயா வாங்கிட்டுப் போன பிள்ளைக்கு அழிஞ்ச பிளேட்டக் குடுத்திருக்கோமேன்னு இருந்துச்சு. ஒன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசச் சொல்லுத?"

கோபம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! "ஏன் அத்தான், குடுக்கறதுக்கு முன்னால நீங்க ஒருவாட்டி போட்டுக் கேட்டிருப்பீங்கள்ல? இஸ்ஸு இருந்துச்சுடான்னு என்னய நாலு ஏச்சு ஏசியிருக்கலாமே?"

அவர் திரும்பிப் பார்த்தார். அக்கா உள்ளே போயிருந்தாள். குரலைத் தணித்துக்கொண்டார். தணித்ததாக நினைத்துக்கொண்டார், தெருவுக்கே கேட்டிருக்கும்.

"எனக்கு எங்க மாப்ள கேட்டுச்சு?"

"எப்ப இருந்து?"

"தறிய விட்டு எறங்கும்போதே போயிருச்சு. சவுண்டு சர்வீஸ்காரனுக்குக் காது செவுடுன்னா எவன் வேல குடுப்பான், சொல்லு? அதாம்ல ஒன்ன வாரா வாரம் வரச் சொன்னேன்."

உள்ளேயிருந்து அக்கா, "இது எனக்கு எப்பமோ தெரியும். பெரிய ரகசியம்!" என்றாள். அது அத்தானுக்குக் கேட்கவில்லை.

நூறு எட்டு தள்ளி நின்று நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த மனுசனுக்குக் காதாக நின்றிருக்கிறேன். அதுவும் முப்பத்தாறு தறியில் ஆறு நாள் அறைபட்டுவிட்டு வந்த காது. பின்னறையில் இருக்கும் அறுநூறு தட்டும் 'இஸ்ஸு கேக்குதா?' என்ற அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. அவர் ஆசைக்குக் கேட்கிறார் என்று நினைத்த கேள்வியை, பிழைப்புக்குக் கேட்டிருக்கிறார். அத்தானுக்கு அதெல்லாம் ஓடவில்லை. அவருக்கு வேறு சந்தேகம் வந்திருந்தது.

"ஒனக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது. அப்ப இஸ்ஸு இருக்குன்னு யாரு சொன்னா?"

"நித்யா சொன்னா."

"பிள்ளையக் கூப்பிடு. பிளேட்டப் போடு."

பேண்டேஜ் துணியால் ஒரு துடை துடைத்து, தட்டைப் போட்டேன். நித்யா போனைப் பிடித்துக்கொண்டு அறையின் மறுகோடியில் போய் நின்றாள். அவர் அங்கேதான் நிற்கச் சொன்னார்.

"தாயி, இஸ்ஸு கேக்குதா?"

"இஸ்ஸுன்னா என்ன மாமா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரும் இங்கே நானும் ஒரே நேரத்தில், "இஸ்ஸு… இஸ்ஸு… இஸ்ஸு" என்று வாயால் செய்து காட்டினோம். தாளம் தப்பவில்லை. நித்யா சிரித்துவிட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கேக்குது மாமா."

"தேஞ்ச மாதிரி இருக்கா? நல்லாக் கேட்டுச் சொல்லு தாயி."

"இல்ல மாமா. ரொம்ப க்ளியரா இருக்கு."

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். போனில் அவருடைய வயிறும் துண்டும்தான் தெரிந்தன.

"அப்ப ஏத்து" என்றார்.

அவருக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. வால்யூமை ஏற்றினேன்.